அன்றைக்கு லீவில் அனுப்பப்பட்டவர்கள்

1

ஜெனீவாவில் எங்கள் ஆபீஸில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் செக்‌ஷன். டியூப் லைட் வெளிச்சத்தில், துணி குவிந்த மேசைகளுக்குப் பின்னால், தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு பெண்கள் சிரிக்கிறார்கள். அதற்கு மேலே, என் உடம்பைப் பார்த்துக்கொள்வது என் கையில் என்கிற மாதிரி பிரெஞ்சில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். திங்கட்கிழமை காலை காப்பியும் கையுமாக நின்றிருந்த சக ஊழியர் ஒருத்தி, "உங்க ஊர்தானே? எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!" என்றாள். ஆமாம் என்றேன். லிஃப்ட் வந்தது. ஏறி அவரவர் மாடிக்குப் போனோம்.

என் தங்கச்சி கோகிலா அந்தக் கம்பெனியில்தான் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தாள். அந்தப் படத்தில் அவள் இல்லை. போன வருஷம் இதே வாரம் செத்துப்போனாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். படத்தில் சிரிக்கிற பெண்களுக்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த பரிசோதனை, அந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கானது.

படித்தீர்களா? இன்னொரு தடவை படியுங்கள். நான் ஒரு வருஷமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம், "ஏனுங்க, ஜெனீவாவுல அப்படி என்னதான் சோலி பாக்கறீங்க?" என்று கேட்பீர்கள். ஆரோக்கியத் துறை என்று மழுப்பிவிட்டு டீயைக் குடிப்பேன். இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

உலகத்தில் பாதி ஊர்களில் டாக்டர் கிடையாது. டாக்டர் இருக்கிற ஊரில் அவரைப் பார்க்க நமக்கு நேரம் கிடையாது. அதனால் தன் உடம்பைத் தானே கொஞ்சம் கவனித்துக்கொள்ள ஜனங்களுக்கு வழி செய்து கொடுக்க வேண்டும் என்பது எங்கள் துறை. தமிழில் சுய பராமரிப்பு என்று எழுதினால் முகத்துக்கு கிரீம் பூசுகிற விவகாரம் போல இருக்கிறது. அதுவல்ல. வீட்டிலேயே பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, இப்படி. பெண்களுக்கு இன்னொன்று உண்டு. பஞ்சு வைத்த ஒரு குச்சி. மறைவாகப் போய்த் தாங்களே உள்ளே வைத்து எடுத்து, ஒரு குப்பியில் போட்டு மூடிக் கொடுத்துவிடலாம். யார் முன்னாலும் படுக்க வேண்டியதில்லை. லேபில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் குச்சியை யார் தருவது? எந்த லேப்? கெட்ட சேதி வந்தால் யார் வைத்தியம் பார்ப்பது? வேலை நேரத்தில் அனுமதி யார் தருவது? அரசாங்கம், ஆஸ்பத்திரி, கம்பெனி முதலாளி, துணி வாங்குகிற வெளிநாட்டு பையர், இவர்களை எல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். பார்ட்னர்ஷிப் என்று அதற்குப் பெயர். மேசை போடுவது என் வேலை. கல்யாணத் தரகர் உத்தியோகம்தான், ஜாதகத்துக்குப் பதிலாக ஒப்பந்தம்.

ஒரு மீட்டிங்கில், நிறையப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற, ஆஸ்பத்திரிக்குப் போக லீவு எடுக்க முடியாத இடம் எது என்று கேட்டார்கள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். "எங்க ஊர்!" என்றேன்.

எங்கள் சொந்த ஊர் சேவூர். அப்பா அம்மா போன பிறகு எனக்குக் கோகிலா, கோகிலாவுக்கு நான். மாப்பிள்ளை நாலு நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். தொழில் படுத்ததும் மெஷினை விற்றுவிட்டு வேன் ஓட்டப் போனார், இவள் கம்பெனிக்குப் போனாள். மண்ணரையில் லைன் வீடு. ஒரே மகள் நிவேதா. கோகிலா செக்கராகச் சேர்ந்து, துணியைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வாங்கி, சூப்பர்வைசராகிவிட்டாள். எங்கள் திட்டம் அவள் கம்பெனிக்கே போகிறது என்று முடிவானதும் போன் போட்டேன்.

"அம்மிணி, உங்க கம்பெனிக்கு ஒரு திட்டம் வருது."

"என்ன திட்டமுங்கண்ணா?"

"லேடீஸுக்கு ஒரு டெஸ்ட். டாக்டர் வேண்டாம், அவங்களே எடுத்துக்கலாம்."

"என்ன டெஸ்டுங்க?"

பாருங்கள், நான் மந்திரிகள் முன்னால் நின்று, படம் போட்டு, கர்ப்பப்பையின் வாய் எங்கே இருக்கிறது என்று குச்சியால் தொட்டுக் காட்டுகிறவன். ஆங்கிலத்தில் எனக்குக் கூச்சமே கிடையாது. கோகிலா கேட்டபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூடப்பிறந்தவளிடம் எப்படிச் சொல்வது? வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒதுங்கியிருக்கிற நாட்களைக்கூடத் தெரியாத மாதிரி நடித்து வளர்ந்த வீடு எங்களுடையது.

"அதெல்லாம் நர்ஸம்மா வந்து சொல்லுவாங்க. நீ ஆளுகளைத் தயார் பண்ணி வெய்யி."

"செரிங்கண்ணா. நீங்க கொண்டு வர்ற காரியம். ஒரு குறை வராம நான் பாத்துக்கறேனுங்க" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனைவி உமாவைக் கூப்பிட்டு, தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றேன்.

3

அந்த நாளை நான் ஜெனீவாவிலிருந்து வீடியோவில் பார்த்தேன். கம்பெனி வாசலில் கோலம் போட்டு, வாழை மரம் கட்டியிருந்தார்கள். முதலாளி பேசினார். பையர் தரப்பிலிருந்து வந்த வெள்ளைக்காரம்மாவுக்குப் பொன்னாடை. நர்ஸ் விளக்கம் சொல்ல, பெண்கள் வரிசையாகப் போய் வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, முணுமுணுப்பு இல்லை. கோகிலா ஓரமாக நின்று வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. வீடியோவில் எல்லோருமே வெளுப்பாகத்தான் இருந்தார்கள்.

ரிசல்ட் வந்தது. ஒருத்திக்கும் ஒன்றுமில்லை.

இங்கே மீட்டிங்கில் கை தட்டினார்கள். ஒரே ஒருத்தர், எப்போதும் கடுகடுவென்றிருக்கிற ஒரு டேனிஷ் கிழவர், "கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறதே" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்கள் பெண்கள் கட்டுப்பாடாக வாழ்கிறவர்கள் என்று ஒரு பாட்டம் பேசினேன். என்ன பேச்சு அது! ஒழுக்கத்துக்கும் அந்த நோய்க்கும் முடிச்சுப் போடக்கூடாது, எனக்கும் தெரியும். ஊர் அபிமானம் பேச வைத்தது. மனுஷன் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் என் மகள் யாழினியிடம் சொன்னேன். இங்கேயே பிறந்தவள். நினைப்பதும் சண்டை போடுவதும் பிரெஞ்சில். தமிழ் எங்களுக்காக வைத்திருக்கிற பாஷை, அதுவும் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போகிறது. அந்த நோயின் பெயரைச் சோறு கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லி, அதற்குப் பள்ளியில் தடுப்பூசி போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை எடுத்தாங்களா, அந்த டெஸ்ட்?"

"அத்தைகிட்டப் போய் அதெல்லாம் கேக்கக்கூடாது கண்ணு."

"அப்போ ஏன் மத்தவங்ககிட்ட கேக்கறீங்க?"

தோளைக் குலுக்கினாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாள், எல்லாம் இந்த ஊர்ப் பழக்கம் என்று உமாவிடம் புலம்பினேன். நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து விலகிப் போகிறார்கள் என்று புலம்பெயர்ந்தவன் எல்லோரும் எழுதுகிறோம். அன்றைக்கு வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

4

ஒரு மதியம் மாப்பிள்ளை கூப்பிட்டார். வழக்கமாக அவர் கூப்பிடமாட்டார், கோகிலாதான் போனைக் கையில் கொடுப்பாள்.

"மச்சானுங்களா... ஒன்னுமில்லீங்க... கம்பெனில மயக்கம் போட்டுருச்சுங்க. நெம்ப ரத்தம் போயிருச்சுன்னு கோயமுத்தூர் கூட்டிட்டு வந்துட்டோமுங்க."

முற்றிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் கிடையாது, கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு அந்த மொழி தெரியும். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

தினமும் வீடியோவில் பேசினோம். எப்படி இருக்கே என்பேன். "நல்லா இருக்கேனுங்கண்ணா, ஒரு குறையுமில்லீங்க" என்பாள். கண் குழிந்து கிடக்கும், உதடு வெடித்திருக்கும். அதே பதில். அந்தப் பதிலை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும், பிடிபடாது. ஒரு நாள் மாப்பிள்ளை டீ வாங்கப் போயிருந்த நேரம், அவளாகவே ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஒன்னு சொல்லோணும். வையக்கூடாதுங்க."

"சொல்லு அம்மிணி."

"அன்னிக்கு டெஸ்டுக்கு ஆளுகளை நான் பொறுக்கித்தானுங்க அனுப்புனேன். வெள்ளப்படுது, அடிவயிறு வலிக்குது, தீட்டு நிக்கமாட்டீங்குதுன்னு ஆரெல்லாம் சொல்லிட்டிருந்தாளுகளோ, அவளுகளுக்கெல்லாம் சம்பளத்தோட லீவு போட்டு ஊட்டுக்கு அனுப்பிட்டேன்."

"ஏன்... ஏன் கண்ணு அப்படிப் பண்ணுனே?"

"வெளிநாட்டுக்காரங்க வர்ற நாளுங்கண்ணா. கம்பெனிக்குப் பேரு கெட்டுரும். அது கெடக்கட்டும், நீங்க கொண்டாந்த காரியம். அதுல ரிஜெக்சன் வந்தா அங்க உங்களுக்கு என்ன மருவாதி?"

"நீ எடுத்தியா?" என்று கேட்டேன்.

"எனக்கு அப்பவே போயிட்டுத்தானுங்க இருந்துச்சு. தீட்டு நிக்கற வயசு, அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். இருந்தாலும் மனசுக்குள்ள ஒரு இது. அதான் நானும் எடுத்துக்கலீங்க."

திருப்பூர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பையரின் ஆள் பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால் நல்ல சரக்கு இருக்கிற பெட்டிகளைக் கைக்கு எட்டுகிற மாதிரி முன்னால் அடுக்குவார்கள். சந்தேகமான பெட்டி பின்வரிசைக்குப் போய்விடும். தொழிலாளிகளை விசாரிக்க ஆடிட் வந்தாலும் அதே முறைதான். கேட்ட கேள்விக்குச் சிரித்துக்கொண்டே, நல்லா இருக்கோமுங்க, ஒரு குறையுமில்லீங்க என்று சொல்கிறவர்கள் உள்ளே இருப்பார்கள். வாய் துடுக்கானவர்களுக்கு, ஏதாவது உளறிவைக்கக் கூடியவர்களுக்கு, அன்றைக்கு லீவு. இதில் யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் கிடையாது. ஆர்டர் போனால் அத்தனை பேர் அடுப்பும் அணைந்துவிடும். விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்கி வைப்பது போலத்தான் எங்கள் ஆட்கள் அதைச் செய்கிறார்கள்.

கோகிலா அதைத்தான் செய்தாள். ஆனால் அடுக்கியது பெட்டியை அல்ல, பெண்களை. பின்வரிசையில் தன்னையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஐயோ, யாருக்காக? எனக்காக. நான் அண்ணனாகத்தான் போன் பண்ணினேன் என்று நினைத்திருந்தேன். அவள் காதில் விழுந்தது வெளிநாட்டிலிருந்து பார்ட்டி வருகிறது என்பதுதான். எப்படி இருக்கே என்று நான் கேட்டபோதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது ஆடிட்காரனுக்குச் சொல்கிற பதில்.

"அண்ணா, அழுகறீங்களா? வேண்டாமுங்க. அன்னிக்கு லீவுல போனாளுகல்ல, அவளுகளை மட்டும் பாருங்க. தேனிப் பக்கத்துப் புள்ள செல்வி இருக்கறா, அவளுக்கு என்னைய மாதிரியேதானுங்க. என்னைய உட்ருங்க. அவளைப் பாருங்க."

5

மறுநாளே மேசையைப் போட்டேன். அதுதானே என் வேலை. அன்றைக்கு விடுபட்டவர்களையும் பார்க்க வேண்டும் என்றேன், கோகிலா செய்ததைச் சொல்லாமல். ஆஸ்பத்திரியில், முதல் கட்டம் வெற்றிகரமாக முடிந்துவிட்டது, அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் வரவேண்டும் என்றார்கள். பையர் தரப்பில், இவ்வளவு நல்ல முடிவு வந்த இடத்துக்கு மறுபடி எதற்கு, வேறு நாட்டுக்குப் போகலாமே என்றார்கள். கம்பெனியில், அப்படி யாருக்கும் எங்களிடம் பிரச்சனை கிடையாதுங்களே சார் என்றார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கையில் இருந்த தகவலுக்கு அவரவர் பேசியது சரி.

கிளம்பிப் போய்விடலாம் என்றால் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் மாட்டிக்கொண்டிருந்தது. ஊரில் போலீஸ் விசாரணை முடியவில்லையாம். சேவூர் வீட்டை விற்றாயிற்று, விசாரிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? தினமும் தூதரகத்துக்குப் போன் செய்வேன், பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொல்லும். ஆபீஸில் நெருங்கிய உறவுக்கான லீவு கேட்டேன். மனைவி, பிள்ளைகள், பெற்றவர்கள். கூடப்பிறந்தவர்கள் அந்த விதியில் வரமாட்டார்களாம். அப்படியானால் என் சொந்த லீவில் போகிறேன் என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன். உல்லாசமாக ஊர் சுற்றப் போகிறவன் சொல்கிற சொல்லைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக, நன்றாக அனுபவித்துவிட்டு வாருங்கள் என்றாள். திருத்திச் சொல்லத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பாஸ்போர்ட் வந்த அன்றே விமானம் ஏறினேன். கோயமுத்தூரில் இறங்கிப் போனை உயிர்ப்பித்தபோது நிவேதாவின் செய்தி இருந்தது. மாமா, அம்மா போயிருச்சுங்க, மெதுவா வாங்க.

லைன் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட அண்ணன் வரவேண்டும் என்று எடுக்காமல் காத்திருந்தார்கள். நான் வெறும் கையோடு நின்றேன். மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு சேலையை எடுத்து வந்து என் கையில் திணித்தார். "நீங்க வாங்கிட்டு வந்ததுன்னே போடுங்க மச்சான். அதுக்கு எங்க தெரியப்போகுது" என்றார். போட்டேன். ஊரே அழுதது. எனக்கு மட்டும் வரவில்லை. பயணக் களைப்பு என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

6

செல்வி இப்போது வைத்தியம் முடிந்து நன்றாக இருக்கிறாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நல்லது என்று இருப்பது அது ஒன்றுதான்.

சாம்பல் கரைத்த மறுநாள் பொழுது சாய, ஷிப்ட் விட்டு, செக்கிங் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் காட்டி, அதுதான் செல்வியக்கா என்றாள் நிவேதா. முப்பது வயது இருக்கும். கோகிலா அக்கா, கோகிலா அக்கா என்று தேம்பிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் மாப்பிள்ளை, பங்காளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று முதலில் நினைத்தேன். தனியாக, பிறகு, நாளைக்கு. இப்படித்தானே என் தங்கச்சி போனாள்.

"ஏம்மா செல்வி, உனக்கு ரத்தம் போகுதாம்மா?" என்று கேட்டேன். "தீட்டு நாள் இல்லாதப்பவும் போகுதா?"

அழுகை பட்டென்று நின்றுவிட்டது. பங்காளி ஒருத்தர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பையர் வந்தால் எழுந்து நிற்பார்களே, அப்படி. சிரிக்கக்கூட முயற்சி செய்தாள்.

"இல்லண்ணே, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

இருபது வருஷமாக மேசை போட்டவன், கையாலாகாமல் நின்றேன். நிவேதாதான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"எங்கம்மாளும் இதையேதானுங்க்கா சொல்லிட்டிருந்துச்சு" என்றாள். அழாமல் சொன்னாள்.

செல்வி அவளைப் பார்த்தாள். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, "பயமா இருக்கு பாப்பா" என்றாள். "போனாத்தான சொல்லுவாங்க. சொன்னாத்தான பயம். அதான் போகல."

மறுநாள் காலை செல்விக்குச் சம்பளம் போனால் போகட்டும் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, நிவேதாவும் நானும் அவளை ஆட்டோவில் கூட்டிப்போனோம். திட்டம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, குச்சி இல்லை. அறிகுறி வந்தவர்களுக்குக் குச்சி போதாது, டாக்டர்தான் நேரில் பார்க்க வேண்டும். பெண்கள் பகுதியில் கூட்டம். உள்ளே போகிற கதவுக்கு வெளியே ஆண்கள் உட்கார ஒரு பெஞ்சு. செல்வி என் கைப்பையைப் பிடித்தபடியே நின்றாள், விடவில்லை. நர்ஸ் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுங்க. நீங்க இவங்களுக்கு யாருங்க?"

பார்ட்னர் என்பதா, திட்ட அதிகாரி என்பதா?

"அண்ணன்" என்றாள் செல்வி. "எங்க அண்ணன்தான் கூட்டியாந்துச்சு."

"செரி, அப்ப இங்கயே இருங்க. கூப்பிடுவேன்" என்று நர்ஸ் அவளையும் நிவேதாவையும் உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கோகிலாவுக்காக இப்படி ஒரு கதவுக்கு வெளியே நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.